எதிர்வீட்டு அடுக்களையில் நின்று பார்க்க வேண்டிய கிருஷ்ணன்: கோட்டாற்றுப் பிளாக்கியல் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

நூல் தொடங்குமுன் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நம் இலக்கணக்காரர்கள் இட்ட கட்டளை. இந்த ஆய்வுக்கு மூன்று போதும். எல்லை: மேற்கே பட்டாசல் சுவர், கிழக்கே தெருநடை, வடக்கே அடுக்களை, தெற்கே அம்மையின் கட்டில். நுதலிய பொருள்: சின்னப் பிள்ளைகள் விளையாடும் பிளாக்ஸைக் கொண்டு மேற்படி மேற்குச் சுவரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் முகத்தை ஐந்தடி உயரத்துக்கு நிறுவுதல். பயன்: தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கெல்லாம் கோட்டாறுதானா இடம் என்று கேட்பவர்களுக்குத் தொன்மையைக் காட்டி விடை சொல்லலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, தென்கோடியில் 'கொட்டியாரா' என்று ஒரு தலைநகரைக் குறித்திருக்கிறார். அது கோட்டாறே என்று அறிஞர் பலர் கொள்வர். சோழர் கல்வெட்டில் மும்முடிச்சோழநல்லூர் என்ற பெயரும் நம் ஊருக்கு உண்டு. ஆனால் தாலமி எழுதியதே மூலப்பாடம் என்பது நம் துணிபு. சாக்கு நிறைய பிளாக்ஸைத் தரையில் கொட்டி, ஒன்றைக் கட்டி, அது பிடிக்காமல் கலைத்து, மறுபடி கொட்டி, அப்போதும் ஆசை ஆராதவர்கள் வாழும் ஊர் என்பதால் கொட்டி, ஆரா. அலெக்ஸாந்திரியாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கே எட்டியிருக்கிறது என்றால் கொட்டிய சத்தம் சாமானியமாக இருந்திருக்காது.

பெயரியல்

ஆய்வுப் பொருளுக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று வாரம் போயிற்று. செங்கல் எனலாமா என்றால், செம்மையும் இல்லை, கல்லும் இல்லை. கட்டி எனலாமா என்றால், "வீட்டில் முப்பதாயிரம் கட்டி இருக்கிறது" என்று யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்ட பக்கத்துவீட்டு மதினி "எந்த டாக்டர்ட்ட காட்டுதிய?" என்று கவலையோடு வந்து நின்றதால் அதுவும் கைவிடப்பட்டது. கம்போளத்தில் வழங்கும் சொல் பிளாக்ஸ். ஒரு பிளாக்ஸ், ரெண்டு பிளாக்ஸ், ஒரு சாக்கு பிளாக்ஸ். ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே நிற்பதால் இது பால் பகா அஃறிணைப் பெயர். அதன் தலையில் துருத்தும் புடைப்பைக் குமிழ் என்று வழங்குகிறோம். வயிற்றுப் பள்ளத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அது வெளியே தெரியாது.

இனி, இதைச் செய்யும் நிறுவனத்தின் பெயர். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற கிராமத்துத் தச்சர் ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 1934இல் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் 'லெக் கொட்' என்ற இரண்டு சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயரிட்டார் என்பது மேலைநாட்டார் கொள்கை. மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் ஊரில் 'லே' என்பது விளி. 'கோ' என்பது கோத்தல் வினையின் ஏவல். "லே, கோ!" என்றால் "அடே, சும்மா இருக்காதே, எடுத்துக் கோத்துவிடு" என்பது பொருள். பில்லுண்டுக்காரர் தொழிலைச் சொன்னார்களோ இல்லையோ, நாஞ்சில் நாட்டான் செய்முறையையே சொல்லிவிட்டான்.

மூலப்பொருள் வந்த வழியும் குறிக்கத்தக்கது. நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதி அதை நையாண்டி செய்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. சரியாக எண்ணினால் நூறாண்டு ஆகப்போகிற வேளையில், எங்கள் வீட்டில் மருமகனிடமிருந்து மாமனுக்குச் சொத்து இறங்கியிருக்கிறது: மூன்று சாக்கு பிளாக்ஸ். அத்தான் துபாயிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் மகனுக்கு வாங்கி வந்தவை. அந்த மகன் வளர்ந்து அவனும் துபாய் போனபோது, "மாமா, இத நீங்க வச்சுக்கிடுங்க" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டான். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தே மதிப்புக் கூடிய பொருள் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

முன்னோர்

சின்னச் சின்னத் துண்டுகளால் பெரிய உருவம் செய்வது வெளியூர் வித்தை என்று நினைப்பவர்கள் தோவாளைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே கட்டப்படும் மாணிக்கமாலையில் அரளிப்பூவை மடித்து, செவ்வரளிக்குப் பக்கத்தில் வெள்ளரளி, நடுவில் நொச்சி இலை என்று வரிசை வைத்துப் பாய் மாதிரி தட்டையாகப் பின்னுகிறார்கள். ஒவ்வொரு பூவும் ஒரு கட்டம். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிளாக்ஸ் அதைவிட எந்த விதத்தில் மேல் என்று யோசித்ததில், மறுநாள் வாடாது என்ற ஒரே ஒரு சிறப்பு அகப்பட்டது. அதையே குறை என்று சொல்கிறாள் வீட்டுக்காரி.

வெளிநாட்டு முன்னோருள் தலையாயவர் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். 2014இல் அமெரிக்காவின் பழைய சிறைத்தீவான அல்கட்ராஸில், மனச்சாட்சிக்காகச் சிறைப்பட்டோரும் நாடுகடத்தப்பட்டோருமாக 176 பேரின் முகங்களை இந்த பிளாக்ஸால் தரையில் பரப்பினார். மறு ஆண்டு மொத்தமாக வாங்கக் கேட்டபோது, அரசியல் வேலைக்கு விற்பதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அவர் சும்மா இருக்கவில்லை. பல ஊர்களில் பழைய காரை நிறுத்தி, கூரைக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவைத்து, மனம் உள்ளவர்கள் பிளாக்ஸைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். உண்டியல் காரான கதை அது. 2016 ஜனவரியில் நிறுவனம் தன் விதியைத் தளர்த்தியது. 2023இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் அவர் வைத்த மோனேயின் அல்லிக்குளம் ஏறக்குறைய 6,50,000 குமிழ், 22 நிறம், 15 மீட்டருக்கு மேல் நீளம்.

நம்முடையது அவ்வளவு இல்லை. 48க்கு 48 குமிழ் கொண்ட அடித்தகடு 16. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். ஆக 192க்கு 192. மொத்தம் 36,864 குமிழ். சுவரில் பிடிக்கும் இடம் 1.536 மீட்டர் சதுரம். எல்லாம் ஒற்றைக் குமிழ் பிளாக்ஸாகவே இருந்தாலும், ஒன்றுக்கு 3 வினாடி வீதம் 30 மணி 43 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று மருமகன் வாட்ஸப்பில் கணக்கு அனுப்பினான். ஐந்து மாதம் ஆயிற்று. வித்தியாசத்துக்குக் காரணம் சாயா. நூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் நாற்பத்தேழாவது குமிழுக்குக் கை போகும்போது "சாயா குடிக்கியளா?" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், எண்ணிக்கை போச்சு. கோட்டாற்றுக்குப் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் நூறு காரியத்தில் கவனம் வைத்துச் சதாவதானி ஆனார். அவதானத்தில் முதுகில் விழும் கல்லை எண்ணுவதும் ஒன்று. அந்த மண்ணில் பிறந்தும் எனக்கு இரண்டு காரியம் கைகூடவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

புணர்ச்சியியல்

இரண்டு பிளாக்ஸ் சேர்வதைப் புணர்ச்சி என்க. முன்னே சுவரில் இருப்பது நிலைபிளாக்ஸ், பின்னே வந்து சேர்வது வருபிளாக்ஸ். ஒரே நிறுவனத்தின் இரண்டும் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி: "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், வேறு மாற்றமில்லை. திருவிழாக் கடையிலும் கம்போளத்திலும் எடை போட்டு வாங்கிய பேர் தெரியாத சரக்கு வந்து சேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. அது இலக்கணத்தில் உள்ளபடியே மூவகை. தோன்றல்: சேர்த்த இடத்தில் ஒரு விரிசல் தோன்றும். திரிதல்: பக்கத்துக் குமிழ்கள் நான்கும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கெடுதல்: ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் விழும், அதைக் காலையில் வெறுங்காலோடு வருபவர் கண்டுபிடிப்பார்.

பிடிமானத்தின் காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆரம்பத்தில் இது உள்ளே வெறும் கூடாகத்தான் இருந்தது, அடுக்கினால் ஆடும். 1958 ஜனவரி 28 அன்று பதிவான காப்புரிமையில்தான் உள்ளே குழாய் வந்தது. கீழ் பிளாக்ஸின் குமிழ் மேல் பிளாக்ஸின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே சிக்கி, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மெல்லிய நெகிழ்வினால் இறுகிக்கொள்கிறது. மயிரிழையிலும் சிறிய அளவு பிசகினால் ஒன்று ஏறாது, அல்லது நிற்காது. அந்த உரிமை காலாவதியாகிவிட்டது. வடிவத்தை வணிகக்குறியாக வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கிலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் முடியாது என்றுவிட்டது. ஆகவே யாரும் செய்யலாம். ஒற்றைக் குமிழுக்கு உள்ளே குழாயே கிடையாது. நாலு சுவரும் சேர்ந்து பிடிப்பதுதான். சுவர் ஓவியத்துக்கு அதுவே உயிர். பேர் தெரியாத சரக்கு அங்கேதான் காலை வாரும்.

இடையில் ஒரு பாடபேதம். 2க்கு 4 குமிழுள்ள ஆறு பிளாக்ஸை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? பழைய பாடம் 10,29,81,500. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் கணினி வைத்து எண்ணிப் பார்த்ததில் 91,51,03,765 என்று திருத்தப்பாடம் வந்தது. ஒற்றைக் குமிழ் பிளாக்ஸைத் தகட்டில் எத்தனை விதமாக வைக்கலாம் என்று நாம் கையாலேயே எண்ணியதில் வந்த விடை ஒன்று. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே.

தகடுகளைச் சுவரில் பூட்டக் கொத்தனார் வந்தார். பதினாறு தகட்டையும் பிளைவுட்டில் திருகி, பிளைவுட்டைச் சுவரில் நிறுத்த வேண்டும் என்று விளக்கினேன். நீண்ட நேரம் சுவரைப் பார்த்தார். "சாரே, சொவருக்கு மேல சொவரா? சிமெண்டு எத்தன மூடை?" என்றார். சிமெண்டே வேண்டாம் என்றதும் அவர் முகத்தில் வந்த இரக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் மனிதர் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்து ஒரு முழுநாள் பார்த்தார். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாக்ஸைப் பாலமாக வைத்து, அது இரண்டு பக்கமும் ஏறினால்தான் அடுத்த திருகு என்று அவரே முறை கண்டுபிடித்தார். இந்த ஆய்வில் பிழையே இல்லாத பகுதி அவர் செய்ததுதான்.

நிறவியல்

கறுப்பு வெள்ளைப் படத்து மனிதர் என்பதால் நான்கு நிறம் போதும்: கறுப்பு, கருஞ்சாம்பல், இளஞ்சாம்பல், வெள்ளை. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து 1957இல் மறைந்தவரைத் தேர்ந்ததில் பக்தி பாதி, சிக்கனம் பாதி.

நான்கே நிறத்தில் முகத்தின் அத்தனை நிழலும் வந்தாக வேண்டும். அதற்கு 1976இல் ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் சரியான நிறம் கிடைக்காமல் ஏற்பட்ட பிழையைப் பதினாறு பங்கு வைத்து, 7 பங்கை வலப்பக்கத்துக் கட்டத்துக்கும், கீழ்வரிசை மூன்று கட்டங்களுக்கு 3, 5, 1 என்றும் தள்ளிவிட வேண்டும். உன் பிழை உன் வீட்டில் நிற்கக்கூடாது, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஓடைத் தண்ணீர் விஷயத்தில் எங்கள் தெரு இதை 1976க்கு வெகு முன்பே கடைப்பிடித்து வந்திருக்கிறது. பங்குக் கணக்குதான் அப்போது வகுக்கப்படவில்லை.

மற்றொன்று, தவறு என்னுடையது. 2004 வாக்கில் லெகோவின் இரண்டு சாம்பல் நிறங்களும் மாறின: பழையதில் ஒரு மங்கல் பழுப்பு, புதியதில் ஒரு நீலச் சாயல். சாக்கில் இரண்டும் கலந்து கிடந்தன. டியூப் லைட்டில் எனக்கு எல்லாம் சாம்பல்தான். முடித்துவிட்டுப் பகலில் பார்த்தால் கிருஷ்ணனின் இடக்கன்னம் 2004க்கு முந்தையது, வலக்கன்னம் பிந்தையது.

தொலைவியல்

இனிதான் ஆய்வின் நெஞ்சப்பகுதி. கட்டி முடித்த அன்று பட்டாசலில் நின்று பார்த்தேன். முகம் இல்லை. சாம்பலும் கறுப்புமாகக் குமிழ், குமிழ், குமிழ். வீட்டுக்காரி பார்த்தாள், "சாக்குல இருந்தப்பமே நல்லா இருந்து" என்றாள்.

காரணம் கண்ணின் கூர்மை. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 8 மில்லிமீட்டர்க் குமிழ்கள் ஒன்றோடொன்று கரைந்து முகமாக வேண்டுமானால் கண்ணுக்கும் சுவருக்கும் நடுவே 27.5 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது தொண்ணூறு அடி. எங்கள் பட்டாசல் சுவரிலிருந்து தெருநடை வரை பதினாறு அடி. அந்தச் சுவரே பாட்டா காலத்தில் பாகம் பிரித்தபோது குறுக்கே வைத்ததுதான். அதற்கு முன்னால் தெருநடையில் நின்றால் புறவாசல் கிணறு தெரியுமாம். இப்போது கிணறு சித்தப்பா வீட்டுக்கு. எங்களுக்குப் பதினாறு அடி.

ஓவியர் சால்வதோர் டாலி இதைப் புரிந்துகொண்டவர். 1976இல் அவர் வரைந்த ஓர் ஓவியம் கிட்ட நின்றால் கடலைப் பார்க்கும் பெண், இருபது மீட்டரில் ஆபிரகாம் லிங்கன். தூரத்தைப் படத்தின் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார். இருபது மீட்டர் என்றால் அறுபத்தாறு அடி. டேப் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பட்டாசல் 16, எங்கள் படிப்புரை 5, தெரு 11, எதிர்வீட்டுப் படிப்புரை 5, அவர்கள் பட்டாசல் 19, அடுக்களைக்குள் 10 அடி. கூட்டிப் பார்த்தால் 66. அந்த இடத்தில் இருப்பது அவர்களுடைய கிரைண்டர்.

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, அடுக்களையில் நின்று பார்க்க அனுமதி கேட்பதற்கு எந்த ஆய்வு நெறிமுறை நூலிலும் வாசகம் இல்லை. அக்காதான் "வாங்க, மாவாட்டிட்டு இருக்கேன், பாத்துட்டுப் போங்க" என்றார்கள். பகலில் எங்கள் பட்டாசல் இருட்டு. ஆகவே இரவு ஏழுமணிக்கு மேல், இரண்டு வீட்டு வாசலும் திறந்து, எங்கள் பக்கம் லைட்டைப் போட்டு, அவர்கள் பக்கம் லைட்டை அணைத்து. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவைத் தாண்டி, இரண்டு படிப்புரையைத் தாண்டி, என் வீட்டுச் சுவரில் கிருஷ்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாங்கள் கட்டியதை அவர்கள் பார்க்கிறார்கள். "கிருஷ்ணனுக்க எடது புருவத்துல ஒரு வெள்ளை கெடக்கு, மாத்துங்க" என்று அக்கா ஒருநாள் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் சரிதான், வரிசை 71. பாகம் பிரிக்காத மாதிரி இரண்டு வீட்டு வாசலும் இப்போது ராத்திரி ஒன்பது வரை திறந்து கிடக்கின்றன. கொசுவும் பொதுவாகிவிட்டது.

ஆனால் முகம் தெரிய அறுபத்தாறு அடி வேண்டும் என்ற முடிவை அம்மை உடைத்தாள். எண்பத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புரை. கட்டிலிலிருந்து சுவருக்கு எட்டடி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து நாலு நாள் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தவள், "இது நம்ம ஒழுவினசேரி கிருஷ்ணனாக்கும். எப்பம் வந்தான்? சிரிக்கான் பாரு" என்றாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இதை முதுமையின் கற்பனை என்று தள்ள முடியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லியோன் ஹார்மனும் பேலா ஜூலெஸும் 1973இல் லிங்கன் முகத்தைச் சில நூறு கட்டங்களாக்கி இதைச் சோதித்திருக்கிறார்கள். கட்டம் பெரிது என்பதல்ல தொல்லை. கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் கண்ணைப் பிடித்திழுத்து முகத்தை மறைத்துவிடுகின்றன. விளிம்பை மங்கலாக்கினால், படத்திலிருந்து செய்தி குறைந்தும், முகம் வெளியே வந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கலாம், கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மருமகனும் எழுதினான். செய்து பார்த்தேன், கொஞ்சம் தெரிகிறது. அம்மைக்குத் தெரிவது மாதிரி இல்லை. கூர்மையான கண்ணுக்கு அறுபத்தாறு அடியும் ஒரு கிரைண்டரும் தேவைப்படும் இடத்தில் அவளுக்கு எட்டடியும் ஒரு தலையணையும் போதுமாயிருக்கிறது. ராத்திரி நாங்கள் லைட்டை அணைக்கப் போனால், "அவன் இருக்கட்டும்" என்கிறாள்.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றைச் சொன்னவற்றோடு பொருத்திக்கொள்க. பல்லி குமிழ்களின் மேல் நடக்குமா, நடந்தால் மீசை என்று கொள்ளலாமா என்பது அடுத்த ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

வலக்கன்னம் இன்னும் முடியவில்லை. கலந்துபோன புதிய சாம்பலை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பழையதை வைத்ததில் பதினோரு குமிழ் குறைகிறது. அம்மை அதைக் கண்டுபிடித்து, கன்னத்தில் ஏன் வடு என்று கேட்கிறாள். ஐ வெய்வெய் போல நிறுத்த எங்களிடம் கார் இல்லை. படிப்புரையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகள் விட்டுப்போன பெட்டி இருந்தால் ஒருமுறை துழாவிப் பாருங்கள். வேண்டியது: 2004க்கு முந்தைய இளஞ்சாம்பல், ஒற்றைக் குமிழ், பதினொன்று. தை மாதம் அம்மைக்குக் கண் ஆபரேஷன். மார்கழிக்குள் கிடைத்தால் நல்லது.